செராமிக்கா, உலோகமா? அதற்கு முன் கிண்ணத்தின் உள்ளுறையைப் பற்றிக் கேளுங்கள்

சிங்கப்பூரில் முழங்கால் மூட்டு மாற்றியவர்களை அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே கண்டுபிடித்துவிடலாம். இடுப்பு மூட்டு மாற்றியவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அனுபவப்பட்டவர் அருகில் இல்லாததால் ஆலோசனை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வந்து சேர்கிறது. அதில் அதிகம் சுற்றுவது இந்த வரி: “செராமிக் போட்டுக்குங்க, ஆயுசுக்கும் தேயாது.” இது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

செயற்கை இடுப்பு மூட்டில் நான்கு உறுப்புகள் உண்டு. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, தண்டின் கழுத்தில் ஏறும் பந்து, இடுப்பெலும்பில் பதியும் உலோகக் கிண்ணம், கிண்ணத்துக்குள் அமரும் லைனர் என்ற உள்ளுறை. உரசல் நடக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: பந்துக்கும் லைனருக்கும் நடுவே. பெயர் சொல்லும்போது பந்தின் பொருள் முதலில் வரும், லைனரின் பொருள் அடுத்து வரும். ‘செராமிக்-பிளாஸ்டிக்’ என்றால் பந்து செராமிக், உள்ளுறை பிளாஸ்டிக். ‘செராமிக் மூட்டு’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் அவர் இதைச் சொல்கிறாரா, இரண்டு பக்கமும் செராமிக் உள்ள மூட்டைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு தீர்மானங்கள்.

தேய்மானம் ஏன் ஆபத்து

பிளாஸ்டிக் தேய்ந்து ஓட்டை விழும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அந்த நிலைக்கு வருவதற்கு வெகு முன்பே வேறொன்று ஆரம்பித்துவிடும். ஒவ்வோர் அடியிலும் உதிரும் துகள்களில் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் சிறியது. உடம்பின் காவல் செல்கள் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் திணறி அழற்சி இரசாயனங்களைக் கக்குகின்றன. அந்த இரசாயனங்கள் எலும்பை அரிக்கும் செல்களைத் தட்டி எழுப்பிவிடுகின்றன. கிண்ணத்தைச் சுற்றியும் தண்டின் ஓரத்திலும் எலும்பு கரைந்து, இறுகப் பிடித்திருந்த உறுப்பு ஆட்டம் காண்கிறது. வலி வருவது அநேகமாக அப்போதுதான். அதுவரை பல ஆண்டுகள் ஒன்றுமே தெரியாது.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். பழைய ரக பாலிஎத்திலீன் ஆண்டுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை தேயும். தாளின் கனம்தான். ஆனால் உதிரும் கொள்ளளவு பந்தின் அளவைப் பொறுத்தது. 28 மி.மீ. பந்து 0.1 மி.மீ. உள்ளே இறங்கினால், π (பை, 3.14) என்ற எண்ணைப் பந்தின் ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 0.1ஆல் பெருக்க வேண்டும்: ஆண்டுக்குச் சுமார் 62 கன மில்லிமீட்டர். அதே இறக்கம் 36 மி.மீ. பந்தில் 102 கன மில்லிமீட்டர் ஆகிறது. கண்ணுக்கு ஒரே தேய்மானம், உடம்புக்குள் போகும் தூள் ஒன்றரை மடங்குக்கும் மேல். சராசரியாக நடமாடும் ஒருவர் ஒரு காலில் ஆண்டுக்குப் பத்து லட்சம் அடி வைக்கிறார். அதனால்தான் ஆய்வகத்தில் மூட்டைச் சோதிக்கும் எந்திரமும் பத்து லட்சம் பத்து லட்சமாகவே எண்ணுகிறது. ஆக, மூட்டின் வயதை ஆண்டில் அளப்பதைவிட அடியில் அளப்பதே சரி. மின்தூக்கியிலும் சோபாவிலும் நாள் கழிக்கும் 78 வயதுக்காரரின் மூட்டும், தினமும் கிடங்கில் நின்று நடந்து வேலை பார்க்கும் 48 வயதுக்காரரின் மூட்டும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை.

ஆண்டுக்கு 0.05 மி.மீட்டருக்குக் கீழ் தேய்மானம் இருந்தால் எலும்பு அரிப்பு அரிதிலும் அரிது. எல்லாத் தெரிவுகளையும் எடைபோட இந்த ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் என்றால் எந்தப் பிளாஸ்டிக்

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1950களின் இறுதியில் முதலில் பொருத்தியது டெஃப்லான். தோசைக்கல்லுக்கு உகந்த அந்த வழுவழுப்பு இடுப்புக்கு உகக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே தேய்ந்து கட்டி கட்டியாகத் திசு வளர்ந்தது. பிறகு டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே வைத்துப் பார்த்து, உடம்பு அதை ஏற்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார். 1962இல் அவர் மாறிய உயர் மூலக்கூற்று எடை பாலிஎத்திலீன்தான் இன்றும் அடிப்படை. உராய்வின் முறுக்கு விசையைக் குறைக்க அவர் பந்தையும் சிறிதாக்கி 22 மி.மீட்டருக்குக் கொண்டுவந்தார். மேலே பார்த்த பெருக்கல் கணக்குப்படி உதிரும் தூளும் அதனால் குறையும்.

அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு குறை பின்னால் பிடிபட்டது. காற்றுபட வைத்தே காமாக் கதிரால் கிருமி நீக்கியதால், கதிர் அறுத்துவிட்ட மூலக்கூறுகள் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டன. அலமாரியில் கிடந்த லைனரே பழைய ரப்பர் வாரைப்போல நொறுங்கத் தொடங்கியது. 1990களின் கடைசியில் வந்த கிராஸ்லிங்க்டு பாலிஎத்திலீன் இதைத் தலைகீழாக்கியது. வேண்டுமென்றே அதிகக் கதிர், பெரும்பாலும் 50 முதல் 100 கிலோகிரே (கதிரளவின் அலகு) வரை பாய்ச்சி, மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பின்ன வைத்து, பிறகு சூடாக்கி, ஆக்சிஜனைப் பிடிக்க மிச்சமிருக்கும் வினைத்திறனை அடக்குகிறார்கள். முழுக்க உருக்கினால் ஆக்சிஜன் தொல்லை அநேகமாகத் தீரும், ஆனால் பொருளின் உறுதி சற்றுக் குறையும். உருகுநிலைக்குக் கீழே சூடாக்கினால் உறுதி நிற்கும், கொஞ்சம் வினைத்திறன் மிஞ்சும். இந்த இழுபறிக்குத் தீர்வாக வைட்டமின் ஈ கலந்த ரகம் வந்தது. ஆய்வகத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் நல்ல கிராஸ்லிங்க்டு ரகத்தைவிட மறு அறுவையைக் குறைக்கிறது என்பதற்கு இன்னும் தெளிவான ஆதாரம் இல்லை. அதற்கென்று கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள்.

கிராஸ்லிங்க்டு லைனர் ஆண்டுக்குத் தேய்வது பொதுவாக 0.02 – 0.05 மி.மீ. 36 மி.மீ. பந்து 0.03 இறங்கினால் 30 கன மில்லிமீட்டர்தான், அதாவது பழைய ரகத்தின் 28 மி.மீ. பந்து உதிர்த்ததில் பாதி. பெரிய பந்தைத் துணிந்து பயன்படுத்த முடிந்ததே இதனால்தான். ஆஸ்திரேலியாவின் மூட்டுமாற்றுப் பதிவேட்டில் பழைய பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் நீண்டகால மறு அறுவை விகிதம் ஏறத்தாழப் பாதியாகியிருக்கிறது. பந்தை மாற்றி இவ்வளவு லாபம் யாரும் காட்டியதில்லை. எனவே முதல் கேள்வி பந்தைப் பற்றியதல்ல: “லைனர் கிராஸ்லிங்க்டு ரகமா, இங்கே எத்தனை வருஷமாப் பொருத்துறீங்க?”

நான்கு ஜோடிகள்

உலோகப் பந்து, கிராஸ்லிங்க்டு லைனர். பந்து கோபால்ட் குரோம் கலவை. உடையாது, விலை குறைவு, அளவுகளுக்குப் பஞ்சமில்லை. குறை உரசும் முகத்தில் இல்லை, பந்து தண்டின் கழுத்தில் ஏறி நிற்கும் கூம்பில் இருக்கிறது. நடக்கும்போது அங்கே கண்ணுக்குத் தெரியாத அசைவு. உப்பு நீர் போன்ற உடல் திரவம் அந்த இடுக்கில் தேங்க, உலோகம் அரிக்கிறது. 36 மி.மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பந்தும் நீண்ட கழுத்தும் சேர்ந்தால் நெம்புகோல் விசை கூடி அரிப்பும் கூடும். பிளாஸ்டிக் நன்றாக இருக்க, கூம்பிலிருந்து கசிந்த கோபால்ட்டால் சுற்றுத் திசு கெட்டு மறு அறுவை செய்தவர்கள் உண்டு. 75 வயதைக் கடந்தவருக்கு, 32 மி.மீ. பந்தோடு, இந்த ஜோடி போதும். இதைக் கொடுத்தால் மட்டரகம் கொடுத்துவிட்டார்கள் என்று குடும்பத்தார் மனம் கசக்கத் தேவையில்லை.

செராமிக் பந்து, கிராஸ்லிங்க்டு லைனர். பெரும்பாலானவர்களுக்கு முதல் தெரிவு இது. உரசலில் உலோகப் பந்தைவிட ஆதாயம் சிறியதுதான். ஆனால் கீறல் விழாத கடினமும், கூம்பில் கோபால்ட் கசிவதற்கு இடமில்லாமையும் சேரும்போது கூடுதல் விலைக்குப் பொருள் இருக்கிறது. 2000களில் வந்த இளஞ்சிவப்பு நிற செராமிக், அலுமினா என்ற செராமிக்குக்குள் சிர்கோனியா என்ற இன்னொரு செராமிக்கின் மணிகளைக் கலந்து விரிசல் பரவாமல் தடுக்கும் வகை. இந்தப் பந்து உடைவது லட்சத்தில் சில என்ற அளவில்தான். சிர்கோனியாவால் மட்டுமே ஆன பழைய பந்துகள் வேறு கதை. உற்பத்தியில் உலையின் முறையை மாற்றியதால் உடையத் தொடங்கி, 2001இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ‘செராமிக் உடையும்’ என்ற பயத்தின் பெரும்பகுதி அந்தக் காலத்து மிச்சம்.

இன்றைக்கு உடைவதென்றால் காரணம் பெரும்பாலும் பொருத்தும் நொடியில் இருக்கிறது. கூம்பில் ஒரு துளி இரத்தமோ, கொழுப்போ, எலும்புத் துணுக்கோ ஒட்டியிருந்தால் பந்து சமமாக அமராமல் ஒரே புள்ளியில் அழுத்தம் ஏறும். அதனால் கூம்பைக் கழுவி, துடைத்து, உலர்த்தி, பந்தைக் கையால் திருகி அமர்த்தி, பிளாஸ்டிக் முனைக் கருவியை வைத்து அளவாக ஒரு தட்டு. பழைய தண்டை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் மாற்றும்போது கூம்பில் கீறல் இருந்தால் டைட்டேனியம் உறை உள்ள செராமிக் பந்துதான் போட வேண்டும்.

இரண்டு பக்கமும் செராமிக். தேய்மானத்தில் இதை வெல்ல எதுவும் இல்லை. சரியாகப் பொருந்தினால் ஆண்டுக்கு ஒரு கன மில்லிமீட்டர்கூட உதிராது. ஆனால் அந்தச் ‘சரியாக’ என்ற சொல்லுக்குத்தான் விலை. கிண்ணம் செங்குத்தாக நிமிர்ந்துவிட்டால் பந்து நடுவில் உரசாமல் விளிம்பில் ஏறி உரசும். பந்தின்மேல் பிறை வடிவில் ஒரு கோடு விழும், எண்ணெய் காணாத கதவுக் கீலைப்போல ‘கிரீச்’ சத்தம் வரும். வலி இருக்காது. ஆனால் குனிந்து எழும்போதெல்லாம் அடுத்த இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். பிளாஸ்டிக் லைனர் சில பாகை கோணப் பிழையை மன்னிக்கும், செராமிக் லைனர் மன்னிக்காது. கிண்ணத்துக்குள் அது கொஞ்சம் கோணலாக அமர்ந்தாலும் விளிம்பு தெறிக்கும். பந்தைவிட லைனர் உடைவதுதான் அதிகம்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடித் தூள்போன்ற சில்லுகள் சுற்றுச் சதையில் பதிந்துவிடும், எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க முடியாது. அந்த நிலையில் உலோகப் பந்தைப் போட்டால் மிச்சமிருக்கும் சில்லு உப்புத்தாள்போல அதைச் சீவும். இரத்தத்தில் கோபால்ட் ஏறி, காது, இதயம் வரை பாதிக்கப்பட்ட நோயாளிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். செராமிக் உடைந்தவருக்கு மறுபடி செராமிக் பந்துதான். வேறொரு மருத்துவமனையில், வேறொரு நாட்டில் மறு அறுவை நடந்தாலும் இதை நினைவில் வைத்திருங்கள்.

50 வயதுக்குக் கீழே, ஸ்டீராய்டு மருந்தாலோ மதுவாலோ தொடை எலும்புத் தலைக்கு இரத்த ஓட்டம் அற்றுப்போய் மூட்டு மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தவர்களுக்கு இந்த ஜோடி பேசத் தகுந்தது. அதுவும், இதையே அடிக்கடி பொருத்தும் கை கிடைத்தால்.

உலோகத்தின்மேல் உலோகம். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ‘இளைஞர்களுக்கான மூட்டு’ என்று கொண்டாடப்பட்டது. பெரிய பந்து, நழுவாது, தேய்மானமும் குறைவு என்றார்கள். கொள்ளளவில் குறைவுதான். ஆனால் துகள் மிக நுண்ணியது, எண்ணிக்கை மிக அதிகம், கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. திசு அழுகிக் கட்டிகள் தோன்றின. 2010இல் ஒரு பெரிய ரகம் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. முழு மூட்டு மாற்றுக்கு இன்று இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்கள் வலி இல்லாவிட்டாலும் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்த்துவர வேண்டும். லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்பது பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்பு கூடுதல் பரிசோதனைக்கு வைத்த எல்லை.

இவற்றுக்கு வெளியே, சிர்கோனியம் கலவை உலோகத்தின் மேற்பரப்பை மட்டும் சுமார் 5 மைக்ரான் ஆழத்துக்கு செராமிக்காக மாற்றிய கறுப்புப் பந்தும் உண்டு. பதிவேட்டில் நல்ல பெயர். ஆனால் ஒரே நிறுவனத்தின் பொருள் என்பதால் அந்தப் பெயரில் பந்தின் பங்கு எவ்வளவு, தண்டு கிண்ணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலாது. மூட்டு நழுவினால் கிண்ணத்தின் விளிம்பு அந்த மெல்லிய தோலைக் கிழித்துவிடும் என்பதும் உண்டு.

நம் உடலுக்கு வரும் தனிச் சிக்கல்

மேலை நாட்டு விளம்பரப் படங்களில் பளபளக்கும் 36 மி.மீ. பந்து எல்லார் இடுப்புக்கும் பொருந்தாது. நம் பெண்களில் பலருக்குக் கிண்ணத்தின் வெளி விட்டம் 46 அல்லது 48 மி.மீட்டரில் நின்றுவிடும். 48இல் உலோகச் சுவர் இருபுறமும் 4 என்று வைத்தால் உள்ளே 40. அதில் 36 பந்தை வைத்தால் பிளாஸ்டிக்குக்கு மிஞ்சுவது சுற்றிலும் 2 மி.மீ. அது லைனர் அல்ல, அப்பளம். விளிம்பில் விரிசல் விட்டு உடையும். 32 பந்து என்றால் 4 மி.மீ., 28 என்றால் 6. சிறிய பந்து நழுவ வாய்ப்பு அதிகம், பெரிய பந்துக்கு மெல்லிய லைனர். இந்தப் பேரத்தில் 32 பெரும்பாலும் நியாயமான இடம். ‘பெரிய பந்தே வேண்டும்’ என்று மருத்துவரை நெருக்காதீர்கள்.

இரண்டாவது, சம்மணமும் குத்துக்காலும். தரையில் பூசை, கோயில் மண்டபத்தில் பந்தி, ஊருக்குப் போனால் குத்துக்கால் கழிப்பறை. ஆழமாக மடக்கும்போது தண்டின் கழுத்து லைனரின் விளிம்பில் இடிக்கும். பிளாஸ்டிக் என்றால் அந்த இடம் நசுங்கித் தேயும், செராமிக் என்றால் தெறிக்கும். இரண்டிலும் பந்து வெளியே நெம்பப்படலாம். செராமிக் லைனர்களுக்கு உயர்த்திய விளிம்பு, சாய்வு விளிம்பு போன்ற திருத்த வகைகளும் கிடையாது. எனவே எப்படி உட்காருவீர்கள், என்ன வேலை செய்வீர்கள் என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முதுகெலும்பில் திருகு வைத்து இணைத்தவர்களும் தவறாமல் சொல்ல வேண்டும். உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து கொடுக்காததால், அவர்களுக்கு நழுவும் ஆபத்து கூடும். இத்தகையவர்களுக்குப் பந்துக்குள் பந்தாக இரு இடத்தில் சுழலும் இரட்டை அசைவுக் கிண்ணத்தைப் பற்றிக் கேட்கலாம்.

ஆயுள் கணக்கும் வயதும்

2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுப்படி செயற்கை இடுப்பு மூட்டுகளில் 25 ஆண்டு தாக்குப்பிடித்தவை 58 விழுக்காடு. இதைப் படித்துச் சோர்ந்துபோக வேண்டாம். 25 ஆண்டு முடித்திருக்கும் மூட்டு எதுவும் அதற்கு முன்பே பொருத்தியதுதானே, அநேகமாக எல்லாம் பழைய பிளாஸ்டிக். அதைவிட உதவும் எண் 2017இல் அதே இதழில் வந்தது. 70 வயதுக்குப் பிறகு மாற்றிக்கொள்பவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. 50களின் தொடக்கத்தில் உள்ள ஆண்களுக்கு அது பல மடங்கு கூடுகிறது. 75 வயது அம்மாவுக்காக விலை உயர்ந்த ஜோடியைத் தேடி அலைபவர்கள் இங்கே நின்று யோசிக்கலாம். அந்த வயதில் தேய்மானம் எதிரி அல்ல. மென்மையான எலும்பில் சிமென்ட் இல்லாமல் தண்டை அடித்து இறக்கும்போதும் பிறகு தடுக்கி விழும்போதும் தொடை எலும்பு பிளப்பதுதான் எதிரி. சிமென்ட் வைத்த தண்டு அந்த ஆபத்தைக் குறைக்கிறது. பந்தின் பொருளைவிட அந்த ஒரு கேள்வி அவருக்கு முக்கியம்.

முதல் பத்தாண்டில் மறு அறுவைக்கு இழுத்துச் செல்பவை இப்போது கிருமித்தொற்று, நழுவல், எலும்பு முறிவு, பிடிப்புத் தளர்வு ஆகியவையே. கிண்ணத்தைச் சுமார் 40 பாகைச் சாய்வில் வைக்கும் கையும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு அறுவை மேசைக்கு வரும் நோயாளியும் எந்தச் செராமிக்கையும்விட மூட்டின் ஆயுளைக் கூட்டுவார்கள். ரோபோ உதவி கோணத்தைத் துல்லியமாக்கும் என்பது மெய். அதனால் மூட்டு கூடுதல் ஆண்டு உழைக்கும் என்று சொல்வதற்கு இன்னும் காலம் ஆகவில்லை.

பணமும் தாளும்

அனுமதிக்கு முன் மருத்துவமனை கொடுக்கும் கட்டண மதிப்பீட்டில் உள்வைப்புச் சாதனம் தனி வரியாக இருக்கும். அதில் எந்த ஜோடிக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் உள்வைப்புச் சாதனங்களுக்கு எனத் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையின் மானிய வார்டுகளான பி2, சியில் மானியம் எந்தச் சாதனத்துக்கு உண்டு, எதற்கு வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதையும் அந்த மேசையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தனியாரின் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம் வைத்திருப்பவர்கள் முன்அனுமதிக் கடிதத்தில் சாதனமும் அடங்குமா என்று பார்க்க வேண்டும்.

அறுவை முடிந்ததும் ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் உறுப்பின் பெட்டியிலும் பிய்த்து ஒட்டும் சீட்டு இருக்கும். அவற்றை நோயாளியின் கோப்பில் ஒட்டி வைப்பார்கள். பட்டியல் எண், தயாரிப்புத் தொகுதி எண், கிண்ணத்தின் விட்டம், பந்தின் அளவும் கழுத்து நீளமும் ‘32/+4’ என்பதுபோல அதில் அச்சாகியிருக்கும். அதன் படத்தைக் கைப்பேசியிலும் குடும்பத்தில் இன்னொருவரிடமும் வைத்திருங்கள். இருபதாண்டு கழித்து லைனர் மட்டும் தேய்ந்து கிண்ணம் உறுதியாக நின்றால், அதே அளவு லைனரை வரவழைத்துச் சிறிய அறுவையோடு முடிக்கலாம். சீட்டு இல்லையென்றால் நல்ல கிண்ணத்தையும் சேர்த்துப் பெயர்க்க நேரலாம். ஒரு ரகத்தைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் உங்களுடையது அதுவா என்று சொல்லப்போவதும் இந்தச் சீட்டுதான். சாங்கி விமான நிலையத்துச் சோதனை வாயில் ஒலித்தால் மட்டும் இது உதவாது. செராமிக் பந்து என்றாலும் தண்டு உலோகம், மணி அடிக்கத்தான் செய்யும்.

எக்ஸ்ரே படங்களில் முதலாண்டுப் படம் மிக முக்கியம். புதிதில் பந்து லைனரின் நடுவே நிற்கும், மேலேயும் கீழேயும் கறுப்பு இடைவெளி ஒரே அளவு. ஐந்தாம் ஆண்டிலும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் எடுக்கும் படங்களை அதனருகே வைத்துப் பார்க்கும்போது மேல் இடைவெளி மெலிந்திருந்தால் பந்து ஏறுகிறது, பிளாஸ்டிக் தேய்கிறது. வலி இல்லை என்று சந்திப்பைத் தள்ளிப்போடுபவர்கள் தவறவிடுவது இந்த ஒரு மில்லிமீட்டரைத்தான்.